பாலாற்றங்கரையில் நான் கண்டவை

பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். எந்த மூட்டையைக் கண்டாலும் அதன் எடை என்ன, அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்று மனம் கேட்கத் தொடங்கிவிடும். எடை போடாத மூட்டைக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத மூட்டை வழியில் காணாமற்போனால் அதற்கு ஈடு கேட்கவும் வழி கிடையாது. பன்னிரண்டு ஆண்டு உத்தியோகத்தில் நான் ஐயமறக் கற்ற விதி இது ஒன்றுதான். மனிதர்களுடைய துன்பத்துக்கும் இதே விதி பொருந்தும் என்பதை 2025-ஆம் ஆண்டுக் கோடையில் பாலாற்றங்கரையில் கண்டேன். நம் சங்கத்து அன்பர்களில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தவர் சிலர் இருப்பதால், கண்டதை இங்கே எழுத விரும்பினேன்.

என் தாயார் பிறந்த ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே, ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். பாட்டனார் விட்டுச் சென்ற இரண்டு ஏக்கர் நிலத்தில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் கெட்டுப்போன நிலங்களுக்குரிய இழப்பீட்டைப் பற்றி உச்சநீதிமன்றம் மீண்டும் ஓர் உத்தரவு இட்டிருப்பதாகவும், பழைய காகிதங்களைச் சேர்ந்து பார்க்க வேண்டியிருப்பதாகவும் மாமா தொலைபேசியில் சொன்னார். அம்மாவால் அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ய இயலாது. "பணம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். கிணற்றில் இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வா" என்று சொல்லி என்னை அனுப்பினார்.

நாகபுரியில் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினால் பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா, திருப்பதி, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு வந்து சேரலாம். அங்கே இறங்கி ஜோலார்ப்பேட்டைப் பக்கம் போகும் பாசஞ்சர் வண்டியைப் பிடித்தேன். குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம் என்று ஒவ்வொரு நிலையமாக வண்டி நின்று செல்லும். அந்தப் பள்ளத்தாக்கில் பாலாறு பெரும்பாலும் நமக்குத் துணையாகவே வருகிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டுக்கொண்டு தமிழகத்துள் புகும் ஆறு அது. ஆண்டில் பல மாதங்கள் மேலே மணல்தான் தெரியும். ஆனால் மணலுக்கு அடியில் நீர் ஓடும். அந்த அடிநீரை நம்பித்தான் கரையில் கிணறுகள் வெட்டினார்கள். நெல்லும் கரும்பும் வாழையும் வைத்தார்கள். ஆற்றைப் பற்றிப் பேசும்போது எங்கள் பாட்டனார், "மேலே வறட்சி, உள்ளே ஈரம், நல்ல மனிதன் மாதிரி" என்பாராம்.

ஆம்பூர் நெருங்கும்போதே காற்றில் அந்த வாடை வந்துவிடுகிறது. ஊருக்குப் புதியவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அது சோற்றின் வாடை. இந்தப் பக்கத்தில் தோல் பதனிடுதல் நெடுங்காலத் தொழில். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தபோது, சில நாட்களிலேயே வேலை முடிந்துவிடும் குரோமிய முறை வேகமாகப் பரவிற்று. அன்னியச் செலாவணி வந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலியும் வந்தது. கழிவுநீர் மட்டும் போவதற்கு வேறு இடமில்லாமல் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கிற்று.

மாமா என்னை நேராகக் கிணற்றுக்கு அழைத்துச் சென்றார். கமலை ஏற்றத்துக்காகக் கட்டிய கல்மேடை அப்படியே இருந்தது. கீழே தண்ணீரும் இருந்தது. பார்வைக்குத் தெளிவாகவே இருந்த அந்த நீரை ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்தேன்; உடனே துப்ப வேண்டியதாயிற்று. சுற்றிலும் வயலில் வெண்மையாகப் பூத்திருந்தது உப்பு. வேலிக்காத்தான் மட்டும் செழித்து நின்றது.

"கிணறு வற்றிப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், தம்பி. தண்ணீர் இருக்கிறது, ஆனால் மாடும் குடிக்காது" என்றார் மாமா. இன்று அந்த ஊருக்குக் குடிநீர், மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வழியாக வருகிறது. பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு காவிரித் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதை மாமாவின் மகன் எனக்கு விளக்கினான். அவன் பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். பச்சைத் தோல் அழுகாமலிருக்க முதலில் உப்பிட்டு வைப்பார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, அமிலம், குரோமிய உப்பு என்று வரிசையாக வரும். ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்சநீதிமன்றத்துத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்துவிடலாம். நீரில் கரைந்த உப்பு அவ்வளவு எளிதில் பிரியாது. அதைப் பிரிக்கச் சவ்வு வழியே அழுத்திச் செலுத்தும் இயந்திரமும், மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்கும் இயந்திரமும் வேண்டும். அவை செலவு மிக்கவை. கரைந்த உப்பு மண்ணில் இறங்கினால் மண் இறுகிப்போகிறது. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்குவதில்லை.

அவன் சம்பளத்தில்தான் மாமாவின் வீட்டில் இன்று அடுப்பு எரிகிறது. "தொழிற்சாலையை மூடு என்று நான் எப்படிச் சொல்வேன்? கழிவை ஒழுங்காகச் சுத்தம் செய் என்று மட்டும்தான் சொல்ல முடியும்" என்றான். அந்த வட்டாரத்தில் பல வீடுகளில் தந்தை கிணற்றை இழந்தவர், மகன் தோலால் பிழைப்பவன். வெளியூரிலிருந்து ஒரு பக்கம் மட்டும் பேசுவது எளிது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது அவ்வளவு எளிதன்று.

அன்றிரவு மாமா ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். அதில் 1980-களிலிருந்து அவரும் ஊராரும் எழுதிய மனுக்களின் நகல்கள் இருந்தன. தாசில்தாருக்கு, ஆட்சித்தலைவருக்கு, மந்திரிகளுக்கு என்று எத்தனையோ. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "கிணற்று நீர் கெட்டுவிட்டது, பயிர் விளைவதில்லை, கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறோம்." படித்துப் பார்த்தபோது எனக்கு என் அலுவலகத்து நினைவுதான் வந்தது. எவ்வளவு கெட்டது, எத்தனை ஏக்கர், எந்த ஆண்டிலிருந்து என்று ஓர் எண்கூட அவற்றில் இல்லை. அவர்களுடைய குற்றமன்று அது. நாவுக்குத் தெரிந்த உப்பை எண்ணாக மாற்றும் கருவி உழவரிடம் ஏது?

அந்தக் கருவியைக் கொண்டுவந்தது ஒரு பல்கலைக் கழகம். 1971-இல் கோயம்புத்தூரில் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் இந்தப் பகுதியில் முதற்கட்ட ஆய்வு ஒன்றை நடத்திற்று. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர், அதாவது சுமார் 86,000 ஏக்கர் விளைநிலம், பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று அது கணக்கிட்டது. மற்றொரு புறம், தமிழ்நாட்டின் சட்ட உதவி வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில் இரண்டு வழக்கறிஞர்கள் கிராமங்களுக்கு நேரில் சென்று அறிக்கை தயாரித்தார்கள். கிணறுகளிலிருந்து எடுத்த நீரைக் குடிநீர் வடிகால் வாரியம் சோதித்துச் சொன்னது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்வையிட்டு, அவற்றில் 350 கெட்டுவிட்டன என்று கண்டது.

இந்த எண்களையெல்லாம் கையில் வைத்துக்கொண்டுதான் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாடினார். நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி, இதில் நம் நாகபுரிக்கும் பங்கு உண்டு என்பது. 1958-இல் இங்கே நிறுவப்பட்ட, நாம் 'நீரி' என்று சொல்லும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் நிபுணர்களைத்தான், சுத்திகரிப்பு ஏற்பாடுகளை ஆராய்ந்து சொல்லும்படி 1995-இல் நீதிமன்றம் தமிழகத்துக்கு அனுப்பிற்று. அந்த மதிற்சுவரைக் கடந்துதான் நான் பலமுறை கடைவீதிக்குப் போயிருக்கிறேன். என் தாயாரின் பிறந்தகத்து ஆற்றைப் பற்றி அதனுள்ளே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிபதிகள் சொன்னார்கள். தன் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிற்சாலையையே சாரும் என்றும் சொன்னார்கள். ஏழைக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை. ஏனெனில் மெய்ப்பிப்பதற்கு வேண்டிய பணமும் படிப்பும் அவனிடம் இருப்பதில்லை. அந்த மாவட்டங்களின் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையமும் அமைந்தது.

தீர்ப்போடு கதை முடிந்திருந்தால் நான் இந்தப் பிரயாணம் போயிருக்க வேண்டியதில்லை. ஆணையம் 2001 மார்ச்சு 7-இல் தன் முடிவை வெளியிட்டது: பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், இழப்பீடு 26 கோடியே 82 லட்சம் ரூபாய். கேட்பதற்குப் பெருந்தொகை. குமாஸ்தாவின் புத்தி சும்மா இருக்குமா? மாமாவின் திண்ணையிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. "ஒரு கறவை மாட்டுக்குக்கூடப் போதாதே!" என்றேன். "மாடு வாங்கினால் தண்ணீருக்கு எங்கே போவது?" என்றார் மாமா. அதற்கு மேல் நான் பேசவில்லை.

மேல்முறையீடுகள் நடந்தன. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டது. இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு வழங்கிவிட்டுத் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஆற்றையும் நிலத்தையும் சீர்படுத்துவதைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைய வேண்டும் என்பன அதன் சாரம். முதல் மனுவிலிருந்து எண்ணினால் 34 ஆண்டுகள். வழக்குத் தொடுத்த நாளில் எனக்கு எழுத்தே தெரியாது.

மறுநாள் காலை ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒரு சட்ட உதவி முகாம் நடந்தது. ஒரு சட்டக் கல்லூரியிலிருந்து ஆசிரியை ஒருவரும் மூன்று மாணவிகளும் வந்திருந்தார்கள். நாங்கள் எங்கள் தகரப் பெட்டியோடு போய் உட்கார்ந்தோம். சிட்டா, பட்டா, பழைய பத்திரம், பாட்டனாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, எது இருக்கிறது, எது இல்லை என்று அந்தப் பெண்கள் எழுதிக்கொடுத்தார்கள். அம்மாவின் பெயர் வாரிசுகளில் விட்டுப்போயிருந்ததை அவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேண்டுமென்று செய்யவில்லை, தம்பி. அக்கா வடக்கே போய்விட்டாளே என்று..." என இழுத்தார். வடக்கே போனவர்கள் காகிதத்திலிருந்தும் போய்விடுகிறோம் என்பதை அப்போது உணர்ந்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஓர் ஆயா நின்றிருந்தாள். எங்கள் நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்தவள். அம்மாவோடு ஒரே வாய்க்காலில் விளையாடியவள். அவளிடம் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. நிலம் எங்களுடையது; கெட்டது எங்கள் நிலம்; ஆகையால் கணக்கில் எங்கள் பெயர் மட்டும் இருந்தது. அவளை நான் ஒரு நாளும் இழந்தவர் வரிசையில் வைத்து எண்ணியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மாணவி அவளை உட்காரவைத்தாள். "ஆயா, முன்னெல்லாம் வருஷத்துக்கு எத்தனை நாள் வயலில் வேலை இருந்தது?" என்று கேட்டாள்.

"அது எங்கே எண்ணி வைத்தேன், கண்ணு!" என்றாள் கிழவி.

பெண் விடவில்லை. நடவுக்கு எத்தனை நாள், முதற் களைக்கு எத்தனை, இரண்டாம் களைக்கு எத்தனை, கரும்பு வெட்ட எத்தனை என்று பயிர் பயிராகக் கேட்டுக்கொண்டு போனாள். ஆயா விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல, அவள் கூட்டிக்கொண்டே வந்தாள். ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் ஆயிற்று. "எந்த வருஷத்திலிருந்து வேலை நின்றது?" என்றதற்கு, "என் பெரிய பெண்ணைக் கட்டிக்கொடுத்த வருஷம்" என்றாள் ஆயா. பெரிய பெண்ணின் மூத்த மகனுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டு, அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடித்து எழுதினாள் அந்த மாணவி. முடிவில் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிக் கைந்நாட்டு வாங்கினாள்.

"இதற்குப் பணம் கிடைக்குமா, பாப்பா?" என்று ஆயா கேட்டாள்.

"கிடைக்கும் என்று நான் சொல்லக் கூடாது, ஆயா. இது குழுவின் பார்வைக்குப் போகும். இதுவரை யாரும் எழுதியே வைக்கவில்லை, இப்போது எழுதியிருக்கிறது" என்றாள் அவள். நான் கேட்ட பதில்களில் இவ்வளவு நேர்மையான பதில் வேறில்லை.

மூட்டையை எடை போட்டுவிட்டார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இனி அதற்கு ஒரு ரசீதாவது உண்டு.

நேயர்களே, நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். பல்கலைக் கழகம் என்றால் பெரிய கட்டிடம், பட்டம், அதன் பின் உத்தியோகம் என்றே எண்ணியிருந்தேன். மண்ணைச் சோதிக்கத் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் சேர்ந்து ஒரு கிராமத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால், மனுக்களால் நகராத காரியம் நகரும் என்பதை இப்போது அறிந்தேன். ஆனால் ஒன்று: அளந்தது மட்டும் போதாது என்பதற்கு அந்த 34 ஆண்டுகளே சாட்சி. கிணற்று நீர் இனிக்கும்வரை மறுபடியும் மறுபடியும் அளந்து, மறுபடியும் மறுபடியும் கொண்டுபோய்க் காட்ட ஆள் வேண்டும். நம் சங்கத்துப் பிள்ளைகளில் வேதியியலும் வேளாண்மையும் சட்டமும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கோயிலையும் பிரியாணியையும் பார்ப்பதோடு ஒரு கிணற்றையும் பார்த்துவிட்டு வரட்டும்.

ஊரில் பங்கு நிலம் உள்ளவர்கள் வாரிசுச் சான்றில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெண்மக்களின் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர் முதலானோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை ஏற்படுத்தித் தரும். ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் சட்ட உதவி மையம் ஒன்றை நடத்த வேண்டும் என்பதும் விதி. கேட்பவர்க்குத்தான் கிடைக்கும்.

நாகபுரிக்குத் திரும்பிய அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாரிசுச் சான்றில் பெயர் விட்டுப்போன செய்தியைக் கேட்டுச் சிரித்தார், தம்பியைக் கோபித்துக்கொள்ளவில்லை. கிணற்றைப் பற்றி, "உப்புத்தான்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஆயாவின் பெயரைச் சொல்லி, "அவளுக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"எழுதிக்கொண்டார்கள், அம்மா" என்றேன்.

"அவளையா? அவள் பெயரையா எழுதிக்கொண்டார்கள்?" என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அம்மா படுக்கப் போனார்.